ஏகாம்பரம் சாப்பிடாதது

செவ்வாய்க்கிழமை காலை ஷிப்ட் தொடங்கிக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். மெயின்டனன்ஸ் பிரிவின் சேவியர் முதலுதவி அறைக்கு வந்து, "சிஸ்டர், சேஃப்டி பின் கெடக்கா? கொஞ்சம் நெறைய வேணும்" என்று கேட்டார். எதற்கு என்றேன். கையில் வைத்திருந்த கறுப்புத் துணியைக் காட்டினார். விரல் நீளத் துண்டுகளாக வெட்டியிருந்தது.

"ஏகாம்பரம் அண்ணன் போயிட்டாவ. விடியக்காலம் ஆஸ்பத்திரிலயே."

டப்பாவில் இருந்த பின்களை எல்லாம் கொடுத்தேன். போதவில்லை. பத்து மணிக்குள் பிரஸ் ஷாப்பிலிருந்தும் டூல் ரூமிலிருந்தும் ஆட்கள் ஒவ்வொருவராகப் பின் கேட்டு வந்தார்கள். கடைசியில் வந்தவர்களுக்கு ஒட்டும் பிளாஸ்திரியை வெட்டிக் கொடுத்தேன். கறுப்புத் துணி மேல் வெள்ளைப் பிளாஸ்திரியோடுதான் அன்று பாதிப் பேர் லைனில் நின்றார்கள். செய்தி எனக்கு அதிர்ச்சியாக இல்லை. பத்து நாளுக்கு முன் அவரைப் பார்த்தபோதே அவருடைய கால் வீக்கமும் மூச்சும் எனக்கு அதைச் சொல்லியிருந்தன. மருத்துவம் தெரிந்தவர்களுக்குச் சாவுச் செய்தி பெரும்பாலும் இரண்டு முறை வருகிறது.

ஏகாம்பரத்தை உங்களில் பலருக்கு என்னைவிட அதிக நாள் தெரியும். வடக்குப்பட்டுக்காரர். நெல் பயிரிட்ட குடும்பம். ஒரகடத்தில் இந்தத் தொழிற்சாலை வந்தபோது முதல் பிரஸ்ஸை லாரியிலிருந்து இறக்கிய கூட்டத்தில் இருந்தவர். ஹைட்ராலிக் லைனில் எங்கே எண்ணெய் கசிந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. ஐம்பத்து நான்கு வயதில் போய்விட்டார். அவருடைய வேலையைப் பற்றி மற்றவர்கள் எழுதுவார்கள். நான் எழுத வேண்டியது அவருடைய வியாதியைப் பற்றி. அதில் நான் செய்த தவறு ஒன்று இருக்கிறது. அதை விட்டுவிட்டு அவருக்கு அஞ்சலி எழுதினால் அது பாதிப் பொய்யாக இருக்கும்.

ஆறு வருடத்துக்கு முன் அவர் முதல்முறையாக என் அறைக்கு வந்தது வாய்ப்புண்ணுக்கு மருந்து கேட்டு. கண் இமையை இழுத்துப் பார்த்தேன். வெளுத்திருந்தது. ரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தேன். மூன்று மாதம் தின்றும் ரத்தம் ஏறவில்லை. ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை வயிற்றுப்போக்கு இருப்பதை அதற்குப் பிறகுதான் சொன்னார். "இதெல்லாம் இன்னான்னு ஒரு பொம்பளையாண்ட சொல்றது சிஸ்டர்" என்றார். ஒரு மருத்துவமனையில் குடலில் காசநோய் என்று நினைத்து ஆறு மாதம் மருந்து கொடுத்தார்கள். எடை குறைந்துகொண்டே போனது. யூனிபார்ம் பேண்ட்டை இரண்டு முறை பிடித்துத் தைத்தார்.

பிறகு சென்னையில் ஒரு குடல் நோய் நிபுணர் எண்டோஸ்கோப்பி செய்து, சிறுகுடலில் சதை எடுத்துப் பரிசோதித்து, சீலியாக் நோய் என்று சொன்னார். கோதுமையிலும் பார்லியிலும் இருக்கும் குளூட்டன் என்ற புரதத்தை உடம்பு எதிரியாக நினைத்துக்கொள்கிறது. அதோடு சண்டை போடும்போது குடலின் உட்சுவரே தேய்ந்துபோகிறது. வடக்கே கோதுமை தின்கிறவர்களிடம் இதை அதிகம் பார்க்கலாம். நம் பக்கத்தில் குறைவு என்பதால் யாருக்கும் இது சட்டென்று தோன்றுவதில்லை. எனக்கும் தோன்றவில்லை.

இதற்கு மருந்து கிடையாது. கோதுமையை விட வேண்டும், அவ்வளவுதான். கேட்கச் சுலபமாக இருக்கும். ஏகாம்பரம் டாக்டர் கொடுத்த பட்டியலை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். சப்பாத்தி, பரோட்டா, ரவை, சேமியா, பிரெட், பிஸ்கட் இவையெல்லாம் அதில் இருந்தன. "நம்ம சோறு துன்ற ஜாதி சிஸ்டர், இதுல இன்னா கஷ்டம்" என்றார். ஒரு மாதம் கழித்துத்தான் கஷ்டம் தெரிந்தது. கேன்டீனில் சப்பாத்தி போடும் அதே கல்லில்தான் தோசையும் ஊற்றினார்கள். கட்டிப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலக்கிறார்கள் என்பதை அவர்தான் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்து எனக்குச் சொன்னார். சாம்பாரும் ரசமும் அதோடு போயின. ஊர் மாவு மில்லில் கோதுமை அரைத்த பிறகு அரிசி அரைத்தால் அதிலும் ஒட்டிக்கொண்டு வரும் என்று அவருடைய மனைவி வளர்மதி மில்லுக்குப் போவதையே நிறுத்தி, மிக்ஸியில் கொஞ்சம் கொஞ்சமாக அரிசி மாவு அரைத்தார். வீட்டில் அவருக்கென்று தனிக் கரண்டி, தனிச் சட்டி.

பலன் இருந்தது. இரண்டரை வருடம் நன்றாக இருந்தார். கன்னம் நிறைந்தது. பிடித்துத் தைத்த பேண்ட்டைப் பிரித்துத் தைக்கக் கொடுத்தார். ஒரு ஆயுத பூஜைக்கு மாலையோடு பிரஸ் பக்கத்தில் அவர் நின்று எடுத்த படம் உங்களில் சிலரிடம் இருக்கும். அது அந்தச் சமயத்தில் எடுத்தது.

அதற்கு அடுத்த மழைக்காலத்தில் வயிற்றுப்போக்கு திரும்பி வந்தது.

எங்கேயாவது எதையாவது தின்றிருப்பார் என்று நான் நினைத்தேன். எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். இரண்டரை வருடம் நாக்கைக் கட்டியவன் தளர்ந்துபோவது இயற்கைதானே. "வெளியில ஏதாவது சாப்பிட்டீங்களா அண்ணே?" என்று கேட்டேன். "இல்ல சிஸ்டர்" என்றார். இரண்டாம் முறை கேட்டேன். அதே பதிலைச் சொன்னார். மூன்றாம் முறையும் கேட்டேன். "நீங்க எத்தினி தபா கேட்டாலும் வாய் ஒண்ணுதான் கீது" என்றார்.

அந்த வாரமே ஒருவர் என்னிடம் வந்து, ஒரகடம் கூட்ரோட்டில் இருக்கும் பரோட்டாக் கடையில் ஏகாம்பரத்தைப் பார்த்ததாகச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. ஏகாம்பரம் அங்கே இருந்தது உண்மை. வேலையை விட்டுப் போகும் ஒருவருக்கு விருந்து என்று மெயின்டனன்ஸ் ஆட்கள் கூடியிருந்தார்கள். அதே மேஜையில் அவர் வீட்டிலிருந்து கொண்டுபோன டப்பாவைத் திறந்து தயிர்சோறு தின்றார் என்பதை நான் விசாரிக்கவில்லை. கேட்டிருந்தால் சேவியரே சொல்லியிருப்பார். அவரும் அங்கே இருந்தவர்தான்.

நான் வளர்மதிக்கு போன் செய்தேன். நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில்தான் செய்தேன். அண்ணன் வெளியே சாப்பிடுகிறார் போலிருக்கிறது, பரோட்டாக் கடையில் பார்த்தவர்கள் இருக்கிறார்கள், நீங்கள் கொஞ்சம் கவனியுங்கள் என்று சொன்னேன். அவர் "சரிங்க சிஸ்டர்" என்று வைத்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து ரத்த அழுத்தம் பார்க்க வந்த ஏகாம்பரம், சட்டைக் கையை மடித்துக்கொண்டே சொன்னார். "வூட்ல என் பையி, பாக்கெட்டு எல்லாம் சோதனை நடக்குது. பாக்கட்டும். எனக்கு இன்னா, உள்ள ஒண்ணும் இல்ல." யார் போன் செய்தது என்று அவருக்குத் தெரியும் என்பது அவர் கண்ணைப் பார்த்தபோது எனக்குத் தெரிந்தது. நான் அழுத்தத்தைக் குறித்துக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

சென்னை மருத்துவமனைக்கு அவரை மறுபடி அனுப்பும்போது கடிதம் எழுதியதும் நான்தான். வாரம் இரண்டு நாள் வரும் தொழிற்சாலை டாக்டர் கையெழுத்து மட்டும் போட்டார். உணவுக் கட்டுப்பாட்டை நோயாளி சரிவரக் கடைப்பிடிக்கவில்லை என்று தெரிகிறது என்று அதில் எழுதியிருந்தேன். பழைய நிபுணர் அப்போது அந்த மருத்துவமனையில் இல்லை. இருந்த டாக்டர் கடிதத்தைப் படித்தார். வேறு பரிசோதனை எதுவும் செய்யாமல், கண்டிப்பாகக் கட்டுப்பாடு இரு, ஆறு மாதம் கழித்து வா என்று அனுப்பிவிட்டார். அந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டாமல்தான் கொடுத்திருந்தேன். ஏகாம்பரம் பன்னிரண்டாம் வகுப்பும் ஐ.டி.ஐ.யும் முடித்தவர். மெஷின் கையேடுகளை ஆங்கிலத்தில் படித்துத்தான் வேலை செய்தார். போகும் வழியில் பஸ்ஸில் அதைப் படித்திருக்கிறார். படித்துவிட்டு, அதை அப்படியே டாக்டரிடம் கொடுத்திருக்கிறார்.

அந்த ஆறு மாதத்தில் அவர் செய்ததை வளர்மதி எனக்குப் பின்னால் சொன்னார். முதலில் கேன்டீன் டீயை விட்டார். அடுத்து கேன்டீன் தம்ளரை. பிறகு கோயிலில் கொடுக்கும் பிரசாதத்தை, கல்யாண வீட்டில் தாம்பூலப் பையை, கடை மிளகாய்த்தூளை. கடைசி மூன்று மாதம் சோறு, பாசிப்பருப்பு, உப்பு, அவித்த காய், முட்டை மட்டும் தின்றார். எடை இறங்குவது நிற்கவில்லை. ஒரு நாள் என் அறையில் எடை மெஷினிலிருந்து இறங்கி, சாக்ஸைப் போட்டுக்கொண்டே பேசினார்.

"ஸ்பேரு எல்லாம் மாத்தியாச்சு சிஸ்டர். இன்னும் மெஷின் ஓடலன்னா கோளாறு ஸ்பேர்ல இல்ல. வேற எங்கியோ கீது."

நான் அப்போதும் நம்பவில்லை என்பதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். நோயாளிகள் பொய் சொல்வார்கள் என்று எனக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சிலர் சொல்லவும் செய்வார்கள். சர்க்கரை வியாதிக்காரர் ஜிலேபி தின்றுவிட்டு இல்லை என்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் இவரையும் சேர்த்துவிட்டேன்.

ஆறு மாதம் முடிவதற்கு முன்பே அவர் தானாகக் கிளம்பி, பழைய நிபுணர் இப்போது எங்கே இருக்கிறார் என்று விசாரித்துத் தேடிப் போனார். அந்த டாக்டர் முன் உட்கார்ந்து அவர் கேட்டது ஒன்றுதான். "நான் சொல்றத யாரும் நம்பல டாக்டர். வுட்டுடுங்க. என்ன இங்கியே படுக்க வெச்சு நீங்களே சோறு போடுங்க. ரெண்டு வாரம். வெளிய ஒரு வாய் தண்ணி கூட வேணாம். அப்பவும் இதே மாதிரி இருந்தா, அதுக்கப்புறம் பேசலாம்."

இதுவரை எந்த நோயாளியும் தன்னிடம் இப்படிக் கேட்டதில்லை என்று அந்த டாக்டர் என்னிடம் பிறகு சொன்னார். சேர்த்துக்கொண்டார். மருத்துவமனைச் சமையலறையில் அவருக்கென்று தனியாகப் பொங்கிய சோறு. வீட்டிலிருந்து யாரும் எதுவும் கொண்டுவரக் கூடாது என்று ஏகாம்பரமே சொல்லிவிட்டார். வளர்மதி பார்க்க வந்தால் கைப்பையை வார்டு வாசலில் நர்ஸிடம் கொடுத்துவிட்டு வரச் சொன்னார். இரண்டு வாரத்தில் ஒரு கிலோ இறங்கினார்.

அதற்குப் பிறகு பெரிய பரிசோதனைகள் நடந்தன. சிறுகுடலின் உள்ளே நீளமாகப் போகும் கருவியை விட்டுப் பல இடங்களில் சதை எடுத்தார்கள். ரிப்போர்ட் வர மூன்று வாரம் ஆனது. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போயிருந்தேன். டாக்டர் சுற்று வந்தபோது, நான் தொழிற்சாலை நர்ஸ் என்று தெரிந்து என்னையும் நிற்க வைத்து விளக்கினார்.

சீலியாக் உள்ளவர்களில் மிகச் சிலருக்கு, கோதுமையை முழுக்க விட்ட பிறகும் நோய் தானாகவே வளரத் தொடங்கிவிடும். அதிலும் இரண்டு வகை உண்டு. முதல் வகை மருந்துக்கு அடங்கும், அவர்கள் பெரும்பாலும் பல வருடம் நன்றாக இருப்பார்கள். இரண்டாம் வகையில் குடல் சுவரில் இருக்கும் வெள்ளணுக்களே குணம் மாறிப்போயிருக்கும். அது நாளடைவில் நிணநீர்ப் புற்றுநோயாக மாறலாம். ஏகாம்பரத்துக்கு வந்திருந்தது இரண்டாம் வகை.

பிறகு பழைய ரத்தப் பரிசோதனைத் தாளையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். நோய் கண்டுபிடித்தபோது உச்சத்தில் இருந்த, கோதுமைக்கு எதிராக உடம்பு காட்டும் எதிர்ப்பின் அளவு, இப்போது சாதாரண மனிதனுக்கு இருக்கும் அளவுக்கு வந்திருந்தது. "கோதுமை தின்று ஏமாற்றுகிறவருடைய ரத்தம் இப்படி இருக்காது" என்றார். என்னைக் குறித்துச் சொன்னதல்ல. என் கடிதத்தை அவர் பார்த்திருக்கவும் இல்லை. ஆனால் ஏகாம்பரம் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு ஜன்னலைப் பார்த்தார்.

டாக்டர் போன பிறகு, "அண்ணே, நான் தப்பாச் சொல்லிட்டேன். வீட்டுலயும் சொன்னேன், லெட்டர்லயும் எழுதினேன்" என்றேன்.

"தெரியும்" என்றார்.

"படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"அப்புறம் ஏன் அதக் கொண்டுபோய்க் குடுத்தீங்க? கிழிச்சுப் போட்டிருக்கலாம்ல."

"கிழிச்சா, பொய் சொல்றவன்தான் கிழிப்பான்னு ஆவும்" என்றார். பிறகு, "வுடுங்க சிஸ்டர். நீங்க ஒருத்தரா சொன்னீங்க" என்றார்.

மன்னித்துவிட்டேன் என்று அவர் அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக ஒரு வேலை கொடுத்தார்.

அவருக்கு ஒரே மகள், நிவேதா. வாலாஜாபாத்தில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா அம்மா, பிள்ளைகள், கூடப் பிறந்தவர்களில் ஒருவருக்கு சீலியாக் இருந்தால் மற்றவர்களும் ரத்தம் பார்த்துக்கொள்வது நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தம்பி தாமோதரன் பார்த்துவிட்டார், ஒன்றும் இல்லை. மகளுக்குப் பார்க்க வளர்மதி விடவில்லை. படப்பையிலிருந்து ஒரு வரன் வந்து, பெண் பார்க்க நாள் குறித்திருந்தார்கள்.

"நான் சொன்னா, அப்பன் வியாதிய பொண்ணு தலைல கட்டப் பாக்கறியான்னு கேக்கறா" என்றார் ஏகாம்பரம். "ஒரு தபா நீங்க சொன்னத அவ உடனே நம்புனா. அதே மாதிரி இன்னொரு தபா சொல்லுங்க."

அந்த வாக்கியத்தை அவர் குத்திக்காட்டுவதற்காகச் சொன்னாரா என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஒரு வேலையை யாரிடம் கொடுத்தால் நடக்கும் என்று பார்த்துக் கொடுக்கிறவர் அவர்.

அடுத்த சனிக்கிழமை வடக்குப்பட்டுக்குப் போனேன். வளர்மதி உட்காரச் சொன்னார், காபி கொடுத்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அன்னைக்கு போன் பண்ணது நீங்கதான?"

"ஆமாங்க."

"அத நம்பி பதினஞ்சு நாளு அவராண்ட நான் பேசல. சோத்த போட்டு மூடி வெச்சிட்டு உள்ள போய்டுவேன். அந்த மனுசன் ஒண்டியா துன்னுட்டு, தட்ட கழுவி வெப்பாரு. இப்ப திரும்ப வந்து பொண்ண கூட்டிக்கினு போறேன்றீங்க."

"அன்னைக்கு நான் விசாரிக்காமச் சொன்னேன். அது தப்பு. இன்னைக்கு டாக்டர் என்கிட்ட நேராச் சொன்னதச் சொல்றேன்."

"வர்றவங்களுக்கு தெரிஞ்சா இன்னா ஆவும்?"

அது எனக்குத் தெரியாது என்று சொன்னேன்.

நிவேதா உள்ளறையில் இருந்தார். வெளியே வந்து, அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். "எனக்கும் ரெண்டு வருசமா ரத்தம் கம்மின்னுதான் மாத்திரை தராங்க, தெரிஞ்சிக்கோ" என்று அம்மாவிடம் சொன்னார். என்னைப் பார்த்து, "திங்கக்கிழமை லீவு போடறேங்க்கா. எங்க வரணும்?" என்று கேட்டார். வளர்மதி எழுந்து காபித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு போனார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

நிவேதாவின் ரத்தத்திலும் அந்த வியாதி இருந்தது. சதைப் பரிசோதனையிலும் உறுதியானது. அப்பாவைப் போல வருடக்கணக்கில் தேய்ந்துபோகாத குடல். ஆரம்பத்திலேயே தெரிந்தால் கோதுமையை விட்டுவிட்டு எல்லாரையும் போல வாழலாம், அப்பாவுக்கு வந்தது அவருக்கும் வரும் என்பதில்லை என்று டாக்டர் விளக்கினார். நிவேதா பெண் பார்க்க வந்தவர்களிடம் தானே அதைச் சொன்னார். அவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள், போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள், அனுப்பவில்லை. வளர்மதிக்கு அதில் என்மேல் வருத்தம் உண்டு. இன்றும் இருக்கிறது. ஏகாம்பரத்திடம் இதைச் சொன்னபோது, "கல்யாணம் லேட்டா ஆவட்டும் சிஸ்டர். ஒடம்பு லேட் ஆவக் கூடாது. நான் லேட்டு" என்றார்.

அவருக்குக் குடலுக்குள் மட்டும் வேலை செய்யும் ஸ்டீராய்டு கொடுத்தார்கள். கேப்ஸ்யூலை அப்படியே விழுங்கினால் சிறுகுடலின் மேல்பகுதிக்கு மருந்து போய்ச் சேராது என்று, மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் குருணையை மென்று தின்னச் சொன்னார்கள். தினமும் மதியம் என் அறைக்கு வந்து, மேஜையில் ஒரு காகிதத்தை விரித்து, ஒரு மணி சிந்தாமல் கொட்டி மென்று, தண்ணீர் குடித்துவிட்டுப் போவார். பிரஸ் ஷாப்பிலிருந்து ஸ்டோருக்கு மாற்றியிருந்தார்கள். ஏழு மாதம் ஓரளவு தெம்பாக இருந்தார். கேன்டீனில் ஒரு சின்ன அடுப்பில் கோதுமை படாத தனிச் சமையல் வைக்கலாமா என்று மனு எழுதி, அறுபது பேரிடம் கையெழுத்து வாங்கியது அந்த மாதங்களில்தான். இப்போது அந்த அடுப்பில் தினமும் இரண்டு பேருக்குச் சமைக்கிறார்கள். நம் தொழிற்சாலையில் அவரைத் தவிர இன்னும் இரண்டு பேர் இருந்தது அதற்குப் பிறகுதான் நமக்குத் தெரிந்தது. அவர்கள் யார் என்று நான் சொல்ல முடியாது. சொல்ல விரும்பினால் அவர்களே சொல்வார்கள்.

பிறகு காய்ச்சல் வரத் தொடங்கியது. மாலையில் ஏறி, காலையில் வியர்த்து இறங்கும் காய்ச்சல். ஒரு வியாழக்கிழமை ஸ்டோரில் குனிந்து எதையோ எடுத்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். சேவியரும் இன்னொருவரும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வயிறு பலகை போல இறுகியிருந்தது. ஆம்புலன்ஸில் நானும் போனேன். ஸ்ரீபெரும்புதூர் தாண்டும்போது கண்ணைத் திறந்து, "சிஸ்டர், அந்த ஆறு நம்பர் வால்வு சீல் புதுசு, ரேக்ல மேல் தட்டுல கீது. சேவியராண்ட சொல்லிடுங்க" என்றார். சொன்னேன்.

சிறுகுடலில் ஓட்டை விழுந்திருந்தது. அறுவை செய்து அந்தப் பகுதியை எடுத்தார்கள். எடுத்த சதையில் புற்றுநோய் இருந்தது. உடம்பு தாங்கினவரை இரண்டு சுற்று மருந்து ஏற்றினார்கள். மூன்றாவது சுற்றுக்கு ரத்த அணுக்கள் ஏறவில்லை. ஊசி வழியாகச் சத்து ஏற்றிப் பார்த்தார்கள், அதில் கிருமி சேர்ந்தது. என் கடிதத்தால் போன அந்த மாதங்கள் கையில் இருந்திருந்தால் முடிவு மாறியிருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் நேர்மையானவர். "இந்த வகையில் பெரும்பாலும் மாறாது. ஆனால் மாறியே இருக்காது என்று நான் எழுதிக் கொடுக்க மாட்டேன்" என்றார். அந்தப் பதிலை நான் அப்படியே வைத்திருக்கிறேன். அதைச் சுருக்கி எனக்கு வசதியாக்கிக்கொள்ளவில்லை.

கடைசியாக நான் பார்த்த அன்று அவரால் பேச முடிந்தது கொஞ்சம்தான். நிவேதாவின் எடை எவ்வளவு என்று கேட்டார். நான்கு கிலோ ஏறியிருக்கிறது என்றேன். "ரத்தம்?" என்றார். அதுவும் ஏறிவிட்டது என்றேன். தலையை ஆட்டினார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு நம்மில் பலர் போயிருந்தோம். படையலுக்கு அவருக்குப் பிடித்ததையெல்லாம் வைத்துக்கொண்டிருந்தார்கள். தம்பி தாமோதரன் ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். டீக்கடைப் பொறை, மைதாவில் செய்த மொறுமொறு ரொட்டி. நாலு பொறையை டீயில் நனைத்துத் தின்பது ஏகாம்பரத்துக்கு ஒரு காலத்தில் உயிராம், வியாதி வருவதற்கு முன்பு.

"இனிமே அண்ணனுக்கு இன்னா ஆவப் போவுது. ஆசையா துன்னுட்டு போவட்டும்" என்றார் தாமோதரன்.

வளர்மதி இலையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பொட்டலத்தை வாங்கி மடித்து கொழுந்தனார் கையிலேயே கொடுத்தார். கோபம் இல்லாமல்தான் சொன்னார். ஆனால் கூடத்தில் இருந்த எல்லாருக்கும் கேட்டது. நான் எதிரே நின்றிருந்தேன்.

"நாலரை வருசம் அந்த மனுசன் அத தொடல. நான் பாக்கெட்ட தடவிப் பாத்தப்பவும் தொட்டது இல்ல. இப்ப இலைல வெச்சி அவரப் பொய்யன் ஆக்காத."

தாமோதரன் பொட்டலத்தைப் பைக்குள் வைத்தார். இலையில் சோறும் பாசிப்பருப்பும் அரிசி மாவுக் கொழுக்கட்டையும் இருந்தன. நிவேதா கற்பூரம் ஏற்றினார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது என்ன என்று கேட்டால், ஒன்றைச் சொல்லலாம். நேற்று அசெம்பிளி லைனிலிருந்து விளாத்திகுளத்துப் பெண் ஒருவர் வயிற்றுவலி என்று வந்தார். பின்னாலேயே அவருடைய சூப்பர்வைசரும் வந்து, ஹாஸ்டலில் கண்டதையும் தின்றுவிட்டு ஓ.டி.க்கு டிமிக்கி கொடுக்கிறாள் என்று என் காதில் சொன்னார். நான் அவரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். அந்தப் பெண்ணிடம் ஒரே ஒரு முறை கேட்டேன்.

"வெளிய ஒண்ணும் திங்கலக்கா" என்றார்.

வெளியே எதுவும் சாப்பிடவில்லை என்று எழுதினேன். வேறு எதுவும் சேர்க்கவில்லை.